கேமரன் மலையில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

கேமரன் மலைக்கு ஒரு முறையாவது போகாத தமிழ்க் குடும்பம் நம் நாட்டில் அரிது. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும், தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ வண்டிகள் வரிசை பிடித்து ஏறத் தொடங்கிவிடும். ஸ்ட்ராபெரி வாங்குவோம். அவித்த சோளம் தின்போம். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்வோம். பிரிஞ்சாங் கடைத்தெரு நெரிசலில் மாட்டி, ஒருவழியாக வீடு வந்து சேர்வோம். என்ன பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், "நல்ல குளிர்" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும்.

அதே மலைக்கு இன்னொரு வகைப் பயணிகளும் வருகிறார்கள். அவர்கள் ஸ்ட்ராபெரி பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து, கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு, பிரிஞ்சாங் சிகரத்துக்குப் போகும் குறுகிய சாலையோரத்தில் மௌனமாக நிற்பார்கள். ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தைவானிலிருந்தும் விமானம் ஏறி வருபவர்கள் அவர்களில் உண்டு. காரணம், அந்தச் சாலையோரத்தில் தெரியும் சில பறவைகளைத் தீபகற்ப மலேசியாவின் மலைகளை விட்டால் உலகில் வேறு எங்கும் பார்க்க முடியாது.

நாம் மூன்று தலைமுறையாக வேலை செய்த மலை அது. நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பறவைகளில் ஒன்றின் பெயராவது தெரியும்? இது குற்றச்சாட்டு அல்ல. வயிற்றுப்பாட்டுக்காக ஏறியவர்களுக்குப் பறவை பார்க்க நேரம் ஏது? ஆனால் இன்று நேரம் இருக்கிறது, வாகனம் இருக்கிறது, வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். ஆகவே, வழிகாட்டியோடு சேர்ந்து பறவை பார்ப்பது என்றால் என்ன, அதில் எதைக் கவனிக்க வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

மாடி மாடியாய் ஒரு மலை

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பறவை பார்க்கும் பயணம் மிருகக்காட்சிசாலைக்குப் போவது போன்றதல்ல. "எத்தனை பறவை பார்த்தீர்கள்" என்ற எண்ணிக்கை அதில் ஒரு சிறு பகுதிதான். இந்தப் பறவை ஏன் இங்கே இருக்கிறது, ஏன் அங்கே இல்லை என்ற கேள்வியில்தான் சுவாரசியமே இருக்கிறது.

தாப்பாவிலிருந்து மலை ஏறும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பாருங்கள். அடிவாரத்தில் வானளாவிய மரங்கள் நிறைந்த தாழ்நிலக் காடு. ரிங்லெட்டை நெருங்கும்போது மரங்களின் உயரம் குறையத் தொடங்குகிறது. தானா ராத்தாவைச் சுற்றி ஓக் இன மரங்களும் இலவங்கக் குடும்பத்து மரங்களும் கலந்த மலைக்காடு. இன்னும் ஏறி, 2,000 மீட்டருக்குச் சற்று மேலே நிற்கும் பிரிஞ்சாங் சிகரத்துக்குப் போனால், குட்டையாக முறுக்கிக்கொண்டு நிற்கும் மரங்கள், கிளை முழுக்கப் பாசி, ஆர்க்கிட், கெண்டிச் செடிகள். அதைத்தான் பாசிக்காடு என்கிறார்கள்.

ஒவ்வொரு மாடியிலும் குடியிருப்போர் வேறு. தாப்பா பக்கம் கேட்கும் பறவையின் குரல் தானா ராத்தாவில் கேட்காது. தானா ராத்தாவில் சாதாரணமாகத் தெரியும் நீண்ட வால் சிபியாக் குருவி அடிவாரத்தில் இறங்கவே இறங்காது. சுடர்க் கொண்டைக் குக்குறுவான் என்று சொல்லத்தக்க ஒரு பறவை உண்டு. பச்சை உடல், அலகின் அடியில் நெருப்புப் பொறி போல் நிமிர்ந்து நிற்கும் இறகுக் கற்றை. தீபகற்ப மலேசியாவின் மலைகளிலும் சுமத்ராவின் மலைகளிலும் மட்டுமே இருக்கிறது. முதன்முறை கேட்பவர்கள் அதன் குரலைப் பறவையினுடையது என்று நம்ப மாட்டார்கள். சில்வண்டு இரைவது போலத் தொடங்கி, வேகம் கூடிக்கொண்டே போகும்.

இந்தக் குக்குறுவானின் வேலை என்ன? காட்டு அத்திப் பழங்களைத் தின்று விதைகளைத் தூரத்தில் கொண்டு போய்ப் போடுகிறது. பட்டுப்போன மரத்தில் பொந்து குடைந்து கூடு வைக்கிறது. அது விட்டுப்போன பொந்தில் வேறு பறவைகள் குடியேறுகின்றன. ஆகவே, "பட்ட மரம்தானே, வெட்டிப் போடு" என்று சொல்வதற்கு முன் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது. நல்ல வழிகாட்டி உங்களுக்குக் குக்குறுவானைக் காட்டுவதோடு நிற்க மாட்டார். அந்தப் பட்ட மரத்தையும் காட்டுவார்.

செடிக்கும் காட்டுக்கும் நடுவே

இப்போது தேயிலைக்கு வருவோம். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைப் பற்றிக் குறிப்பு எழுதினார். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. காட்டை அழித்துச் செடி நட்ட கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள். இன்று கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் என்றாலும், தோட்டத்து லயங்களும் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன.

சுங்கை பாலாஸ் தோட்டத்தில் நின்று பார்த்தால் பச்சைக் கம்பளம் விரித்தது போல் அழகு. ஆனால் அழகும் உயிர்வளமும் ஒன்றல்ல. செடிகளின் நடுவே ஒரு மணி நேரம் நின்று எண்ணிப் பாருங்கள். தகைவிலான் குருவிகள் தாழப் பறக்கும். தையல்சிட்டு ஒன்று கத்தும். செப்டம்பருக்குப் பிறகு வடக்கேயிருந்து வந்த கீச்சான் ஒன்று கம்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். ஓடை இருந்தால் வாலாட்டி வரும். அவ்வளவுதான், விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரே வகைச் செடி, ஒரே உயரம், பூக்க விடாமல் கவாத்து செய்த நிலம். பழம் இல்லை, பொந்து இல்லை, மருந்தடித்த இலையில் புழுவும் குறைவு. பறவை எதற்கு வரும்?

அதே இடத்திலிருந்து தோட்டம் முடிந்து காடு தொடங்கும் ஓரத்துக்கு நடந்து போங்கள். கணக்கு அடியோடு மாறிவிடும். கருந்தொண்டைத் தேன்சிட்டு பூக்களில் தொங்கும். வெள்ளிக் காதுடைய மீசியாக் குருவிகள் கூட்டமாக வரும். சிரிப்பான் குருவிகள் புதருக்குள் சலசலக்கும். அனுபவமுள்ள வழிகாட்டிகள் குழுவை இந்த ஓரத்துக்கு அழைத்து வருவதற்குக் காரணம் இதுதான். காட்டின் உள்ளே இலை மறைக்கும், தோட்டத்தின் நடுவே பறவை இருக்காது, ஓரத்தில் இரண்டும் சந்திக்கின்றன.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். ஓரத்தில் நிறையப் பறவைகள் தெரிவதால் "தோட்டம் இருப்பது பறவைக்கு நல்லது" என்று முடிவு கட்டிவிடக்கூடாது. ஓரத்தில் நாம் பார்ப்பது காட்டின் வட்டிப் பணம். முதல் உள்ளே இருக்கிறது. காட்டுத் தரையில் வாழும் பறவைகள் பல, சில நூறு அடி வெட்டவெளியைக்கூடக் கடக்கத் துணிவதில்லை. நமக்கு அது ஒரு மண் சாலை, அவற்றுக்குக் கடல். காடு துண்டு துண்டாகும்போது ஒவ்வொரு துண்டிலும் சிக்கிய பறவைகள் மெல்ல மெல்லக் குறைந்து போகின்றன.

தேயிலைக்காக ஒரு வார்த்தையும் பேசிவிட வேண்டும். கேமரன் மலையில் தேயிலையைவிடக் கெடுதல் செய்வது வேறு இருக்கிறது. சரிவைச் சுரண்டி, பிளாஸ்டிக் கூரை போட்டுச் செய்யும் காய்கறி, பூச் சாகுபடியில் மண் சரசரவென்று கரைகிறது. வளர்ந்த தேயிலைச் செடி நிலத்தை மூடிப் பிடித்துக்கொள்வதால் அரிப்பு குறைவு. இதை நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும்.

அலை வருகிறது

பறவை பார்க்கப் போகிறவர்கள் முதல் அரை மணி நேரத்தில் சோர்ந்து போவதுண்டு. "ஒன்றையும் காணோமே" என்று முணுமுணுப்பார்கள். மலைக்காட்டின் வழக்கமே அதுதான். நீண்ட அமைதி. பிறகு திடீரென்று எங்கிருந்தோ ஒரு மெல்லிய கீச்சொலி. ஒன்று, இரண்டு, பத்து என்று நாலாபுறமும் இலைகள் அசையும். ஐந்து நிமிடத்தில் பத்துப் பதினைந்து வகைப் பறவைகள் கண்முன்னே கடந்து போகும். மறுபடியும் அமைதி. இதைத்தான் பறவை அலை என்கிறார்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் போன காசு திரும்பி வந்த மாதிரி. வெவ்வேறு இனப் பறவைகள் ஒன்றாகக் கூடி இரை தேடும் கூட்டு அது. முன்னால் போவது பெரும்பாலும் மலைக் குருவிகளான ஃபுல்வெட்டாக்கள். ஓயாமல் சத்தமிட்டுக்கொண்டு கீழ்க் கிளைகளில் நகரும். இந்தக் குருவிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரில் நம் பேரா மாநிலத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவற்றுக்கு மேலே இலைகளின் அடிப்பக்கத்தை மேயும் கதிர்க்குருவிகள். மரப்பட்டையில் தலைகீழாக இறங்கும் நீல நட்ஹாட்ச். வாலை விசிறி போல் விரித்து ஆடும் விசிறிவால் குருவி. உச்சியில் சிவப்பும் கறுப்புமாய் மினிவெட்டுகள். எல்லாவற்றுக்கும் பின்னால், காவல்காரன் மாதிரி, வாலில் இரண்டு கம்பி தொங்கும் துடுப்புவால் கரிச்சான்.

யாரும் யாருடைய இரையிலும் கை வைப்பதில்லை. கீழ்க் கிளை ஒருவருக்கு, பட்டை ஒருவருக்கு, உச்சி ஒருவருக்கு. கூட்டமாகப் போனால் பருந்து வருவதைக் கவனிக்கக் கண்கள் அதிகம். ஒருவர் கலைத்துவிட்ட பூச்சி இன்னொருவருக்கு உணவு. கரிச்சான் அதில் கைதேர்ந்தது. இலங்கையின் சிங்கராஜ வனத்தில் இந்தக் கலப்புக் கூட்டங்களைப் பேராசிரியர் சரத் கொட்டகமவும் ஈபென் குடேலும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலைப் போலியாக எழுப்பிக் கூட்டத்தைத் தன் பக்கம் சேர்க்கிறது என்று அவர்கள் கண்டறிந்தார்கள். நம் ஊர் மேடைப் பேச்சாளர்கள் சிலரின் நினைவு எனக்கு வந்தது. அது போகட்டும்.

இந்த அலை நமக்குச் சொல்லும் செய்தி முக்கியமானது. கூட்டணி நிற்க வேண்டுமானால் எல்லா அடுக்கும் இருக்க வேண்டும். அடிப்புதரைச் சுத்தம் செய்துவிட்டு உயர்ந்த மரங்களை மட்டும் விட்டுவைத்தால் பார்ப்பதற்குக் காடு போலத்தான் இருக்கும். முன்னால் போகும் ஃபுல்வெட்டாவுக்கு இடமில்லாமல் போய்விடும். தலைவன் இல்லாத அலை சிதறிவிடும். ஒரே இடத்துக்கு ஆண்டுதோறும் போகும் வழிகாட்டி, "முன்பெல்லாம் அலை பெரிதாக வரும், இப்போது நான்கைந்து இனம்தான்" என்று சொன்னால், அது காட்டின் உடல்நிலை அறிக்கை.

மூன்று மலை, மூன்று சீழ்க்கை

இனி, உலகின் மூலைகளிலிருந்து ஆட்களை இங்கே இழுத்து வரும் பறவையைப் பற்றிச் சொல்கிறேன். மலாயா சீழ்க்கைப் பூங்குருவி. கருநீல உடல், தோளில் மின்னும் நீலத் திட்டு. ஹெர்பர்ட் ராபின்சன் என்ற அருங்காட்சியக அறிஞரின் பெயரை இதற்குச் சூட்டியிருக்கிறார்கள். நம் மலைவாசத் தலங்களின் பறவைகளுக்கென்றே ஒரு தனிப் பாகம் எழுதியவர் அவர், அது 1928-இல் வெளியானது. இந்தக் குருவி தீபகற்ப மலேசியாவின் நடு மலைத்தொடரில், கேமரன் மலை, பிரேசர் மலை, கெந்திங் போன்ற உயரங்களில் மட்டுமே வாழ்கிறது. காட்டு ஓடைதான் அதன் வீடு. விடிவதற்குச் சற்று முன் இருட்டோடு இருட்டாகச் சாலையோரத்துக்கு வந்து பூச்சி பொறுக்கும். வெளிச்சம் வந்ததும் காட்டுக்குள் போய்விடும்.

இதே போன்ற இன்னொரு குருவியும் அங்கே உண்டு. அது அளவில் பெரியது, உடலில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், பரவலாகக் காணக்கூடியது. புதியவர்கள் அதைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்ததாகக் கொண்டாடுவதுண்டு. வழிகாட்டி தேவைப்படுவது இந்த மாதிரி இடங்களில்தான்.

இந்தப் பறவையை நான் தனியாக எடுத்துச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் நீலகிரியிலும் ஆனைமலையிலும் இதன் உறவுக்காரப் பறவை இருக்கிறது. சீகாரப் பூங்குருவி. பள்ளிக்கூடம் போகும் சிறுவன் ராகம் தவறி விசிலடிப்பது போலப் பாடும். இலங்கையின் மலையகத்திலும் ஒன்று இருக்கிறது. அது இலங்கைக்கு மட்டுமே உரியது, அழியும் ஆபத்தில் இருப்பதாக அனைத்துலகப் பட்டியலில் இடம்பெற்றது. வால்பாறை, நுவரெலியா, கேமரன் மலை என்று தமிழன் கொழுந்துக் கூடை சுமந்த மூன்று மலைகளிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று நீலக் குருவிகள் ஓடைக் கரையில் வாழ்கின்றன. விடியுமுன் பெரட்டுக்கு நின்ற நம் பாட்டிமார் இந்தச் சீழ்க்கையைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. எதனுடைய குரல் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

மூன்றுக்கும் தேவை ஒன்றே. நிழலோடு கூடிய தெளிந்த ஓடை. ஓடைக்கரை மரத்தை வெட்டிவிட்டால், தண்ணீர் கலங்கிவிட்டால், குருவி போய்விடும்.

வால்பாறையில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த திவ்யா முடப்பா, டி.ஆர். சங்கர் ராமன் ஆகிய ஆய்வாளர்கள், 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து தேயிலை நிறுவனங்களோடு பேசி, தோட்டங்களுக்குள் சிதைந்து கிடக்கும் காட்டுத் துண்டுகளை மீட்டு வருகிறார்கள். அந்தந்த மண்ணுக்குரிய மழைக்காட்டு மரங்களை நாற்றுவிட்டு நடுகிறார்கள். நிறுவனங்கள் நிலத்தைக் கொடுக்கின்றன. தோட்டத்துக்குள் நிற்கும் பழைய மரங்களுக்கு இருவாச்சிகள் இன்றும் வந்து போகின்றன. தோட்டமும் நடக்கிறது, காடும் மூச்சு விடுகிறது. கேமரன் மலையிலும் ஓடைக்கரைகளிலாவது இதைப் பெரிய அளவில் செய்ய முடியும் என்பது என் கருத்து. தோட்டத்துச் செடியில் நாலு வரிசையை விட்டுக்கொடுத்தால் கம்பெனி நொடித்துப் போய்விடாது.

எப்படிப்பட்ட வழிகாட்டி?

நம் நாட்டில் சுற்றுலா வழிகாட்டிகள் 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். இயற்கைத் தலங்களுக்கென்று தனி வகை உரிமம் உண்டு. அதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் உரிமம் மட்டும் போதாது.

இப்போது படம் பிடிக்கும் ஆசை பறவை பார்ப்பதை விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு சில இடங்களில் வளர்ப்புப் புழுக்களை மரக்கட்டையில் வைத்துப் பறவையை வரவழைக்கிறார்கள். கைத்தொலைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிடுகிறார்கள். குரலைக் கேட்ட ஆண் பறவை, வேறொரு ஆண் தன் எல்லைக்குள் நுழைந்துவிட்டதாக நினைத்துச் சண்டைக்கு ஓடி வரும். நமக்கு நல்ல படம். அதற்கோ இரை தேடும் நேரம் பாழ், கூட்டில் குஞ்சு இருந்தால் அதற்குப் பட்டினி. ஒரு நாளில் நான்கு குழுக்கள் வந்து நான்கு முறை இதைச் செய்தால் என்ன ஆகும்? ஒரு முறை, அரை நிமிடம், இனப்பெருக்கக் காலம் அல்லாதபோது என்று கட்டுப்பாட்டோடு செய்பவர்களும் உண்டு. கட்டுப்பாடே இல்லாமல் செய்பவர்களும் உண்டு. முன்பதிவு செய்யும்போதே, "குரல் போடுவீர்களா, புழு வைப்பீர்களா, கூட்டருகே அழைத்துப் போவீர்களா" என்று கேட்டுவிடுங்கள். "எல்லாம் செய்வோம், பறவை நிச்சயம்" என்று உற்சாகமாகப் பதில் வந்தால், வேறு ஆளைத் தேடுங்கள். காட்டுப் பறவைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

காட்டை அறிந்தவர்கள் என்றால் அந்த மலையின் பூர்வகுடிகளான செமாய் மக்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. எந்த மரம் எப்போது பழுக்கும், எந்தப் பறவை அதற்கு வரும் என்பது அவர்களுக்கு வாழ்க்கைப் பாடம். அவர்களில் வழிகாட்டியாக இருப்பவர் கிடைத்தால் அது பெரும் பேறு.

நம் இளைஞர்களும் இந்தத் தொழிலுக்கு வரலாம். தோட்டத்துப் பின்னணியில் பிறந்த பையனுக்கோ பெண்ணுக்கோ மலைப்பாதை புதிதல்ல. தமிழும் மலாயும் ஆங்கிலமும் பேசத் தெரியும். ஒரு நல்ல பைனாகுலரும் இரண்டு ஆண்டு உழைப்பும் வேண்டும். 1940-இல் தொடங்கிய மலேசிய இயற்கைச் சங்கம் பறவைக் குழுக்களை நடத்துகிறது, புதியவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. பிரேசர் மலையில் 1988 முதல் நடந்து வந்த அனைத்துலகப் பறவைப் போட்டி பல இளைஞர்களை இந்தப் பக்கம் திருப்பியிருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-இல் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்த பறவையைத் தேதி, இடத்தோடு பதியலாம், செலவில்லை. உங்கள் பதிவு விஞ்ஞானிகளின் கணக்கில் சேரும்.

கூண்டும் குளமும்

ஒரு குருவியின் பாட்டு அழகாக இருந்தால் நம் ஊரில் உடனே கூண்டு தேடுவார்கள். பாராவ்-பாராவ் என்ற புல்புல் ஒரு காலத்தில் ஆற்றங்கரைகளில் நிறைந்திருந்தது. பாட்டுக்காகப் பிடித்துப் பிடித்து, 2018-இல் அது மிக மோசமான அழிவு ஆபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அது தாழ்நிலப் பறவை. மலைப் பறவையான மீசியாவுக்கும் சுமத்ராவில் கூண்டு வணிகத்தால் அதே கதிதான். கேமரன் மலை மீசியாக்கள் இன்னும் கலகலப்பாக இருப்பது நம் பாக்கியம். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழைய 1972 சட்டத்தைவிடக் கடுமையானது. 2022-இல் தண்டனைகள் மேலும் உயர்த்தப்பட்டன. காட்டோரத்தில் வலையோ கூண்டுப் பொறியோ கண்ணில் பட்டால் நீங்களே அவிழ்க்கப் போகாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு பெர்ஹிலித்தான் இலாகாவுக்குத் தகவல் கொடுங்கள்.

"குருவிக்காக இவ்வளவு பேச்சா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ரிங்லெட் நீர்த்தேக்கத்தைக் காட்ட விரும்புகிறேன். 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணையின் பின்னால் நிற்கும் அந்தக் குளம், மேலே சரிவுகளிலிருந்து கரைந்து வந்த மண்ணால் மேவிப்போய்க் கொண்டிருக்கிறது. 2013 அக்டோபரில் கனமழையில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து வீடுகளையும் உயிர்களையும் கொண்டு போனது. பாசிக்காடு மேகத்திலிருந்தே ஈரத்தை உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிறது. காடு போன சரிவில் மழை அப்படியே மண்ணோடு இறங்குகிறது. சீழ்க்கைப் பூங்குருவி விட்டுப்போன ஓடையும் சேறு நிறைந்த அணையும் ஒரே ஆற்றின் இரண்டு முனைகள்தான்.

வெப்பம் கூடுவது இன்னொரு கவலை. நியூ கினியின் மலைகளில் ஜாரெட் டயமண்ட் 1960-களில் பறவைகளின் உயர எல்லைகளைக் குறித்து வைத்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து அதே மலைகளுக்குப் போனவர்கள், பறவைகள் சராசரியாக 100 மீட்டருக்கும் மேலே ஏறிவிட்டதை 2014-இல் வெளியிட்டார்கள். பிரிஞ்சாங் உச்சியில் வாழும் பறவை அதற்கும் மேலே எங்கே ஏறும்?

போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பள்ளி விடுமுறையையும் நீண்ட வார இறுதியையும் தவிருங்கள். நவம்பர், டிசம்பரில் மழை அதிகம். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் நல்லவை, வடக்கேயிருந்து வந்த வலசைப் பறவைகளும் அப்போது இருக்கும். காலை 6.30 மணிக்குள் இடத்தில் இருக்க வேண்டும், 10 மணிக்கு மேல் காடு அடங்கிவிடும். சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம். மழைச் சட்டை, அட்டைக்கு உப்பு, ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். பாசிக்காட்டுப் பாதை பழுதுபார்க்க மூடப்படுவதுண்டு, வனப்பகுதிக்குள் நுழைய அனுமதியும் வேண்டும், அதனால் வன இலாகாவில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். தோட்டத்துச் சாலைகள் தனியார் நிலம், காவலரிடம் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. பிள்ளைகளை அழைத்துப் போங்கள், ஆனால் பைனாகுலரை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள். ஏழெட்டு வயதுக் கண்ணுக்குத் தெரிகிற பறவை பல நேரம் நமக்குத் தெரிவதில்லை.